வாசகர் கேள்வி – பதில்: கோதுமையோடு சேர்ந்தால் ரை ஏன் அடங்கிப் போகிறது?

சென்ற இதழில், செல்லுக்குள் புரதம் செய்யும் சிறு பொறியான ரைபோசோம் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெல்லையும் கோதுமையையும் பற்றிக் கேட்கின்றன. எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. வேர்நுனிகளை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். தாவர செல்லைப் பற்றிக் கேட்க யாராவது கிடைத்தால் நேரம் போவதே தெரியாது. இந்த முறை தானியப் பயிர்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் உள்ள ரை, கோதுமைக்கு உறவான ஒரு தானியம்; அதன் கதை தேனி மாணவனின் கேள்வியில் வருகிறது.

நாற்றங்காலுக்காக விதை நெல்லை ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி மூட்டம் போடுகிறோம். அந்த நேரத்தில் நெல்லுக்குள் ரைபோசோம் மரபணுக்கள் வேலை செய்கின்றனவா? நெல்லில் அவை எங்கே இருக்கின்றன?
*– விவசாயி ஒருவர், திருவையாறு*

செய்கின்றன, ஐயா. ஆனால் தண்ணீர் பட்டவுடன் முதலில் கைகொடுப்பது பழைய சேமிப்புதான். கதிரில் மணி முற்றும் காலத்திலேயே, உள்ளே இருக்கும் கரு தனக்கு வேண்டிய ரைபோசோம்களைச் செய்து வைத்துக்கொண்டு காய்ந்துவிடுகிறது. 1960களில் அமெரிக்காவில் ஆபிரகாம் மார்க்கஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கோதுமைக் கருவில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உலர்ந்த கருவில் புரத உற்பத்தி இல்லை. ஊறிய ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே, சேமித்து வைத்த ரைபோசோம்கள், புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் செய்தி ஆர்.என்.ஏ.வின் சேமிப்பைப் பற்றிக்கொண்டு புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன.

அந்தக் கையிருப்பு நெடுநேரம் தாங்காது. முளைவேர் வளர வளர செல்கள் பெருகும். ஒவ்வொரு செல்லுக்கும் லட்சக்கணக்கில் ரைபோசோம் வேண்டும். ஆகவே ஊறத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, ரைபோசோமின் பாகமாக அமையும் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்கள் படியெடுக்கப்படத் தொடங்குகின்றன, அதாவது அவற்றின் டி.என்.ஏ. ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்படுகிறது. நீங்கள் மூட்டத்தைப் பிரித்து வெள்ளை முளையைப் பார்க்கும்போது, அந்த வேர்நுனியின் ஒவ்வொரு செல்லிலும் இந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். செல்லில் உள்ள மொத்த ஆர்.என்.ஏ.வில் ஏறக்குறைய 80 சதவீதம் ரைபோசோமுக்கானதுதான்.

இடத்தைப் பொறுத்தவரை, நெல்லில் 12 இணைக் குரோமோசோம்கள் உண்டு. ஜப்பானிய நிப்பான்பாரே போன்ற ஜப்பானிகா ரகங்களில் இந்த மரபணுக்கள் 9ஆம் குரோமோசோமின் ஒரு நுனியில் கூட்டமாக இருக்கின்றன. ஐ.ஆர். 36 போன்ற இண்டிகா ரகங்களில் 9ஆம் குரோமோசோமிலும் 10ஆம் குரோமோசோமிலும் ஆக இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒரு மரபணுவுக்கு ஒரு பிரதி என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரே மரபணு நூற்றுக்கணக்கான முறை, ஒன்றன்பின் ஒன்றாக, அதே திசையில் வரிசையாக நிற்கிறது.

எங்கள் பாடப் புத்தகம் ரைபோசோம் ஆர்.என்.ஏ. படியெடுத்தலை ஈஸ்டையும் மனித செல்லையும் வைத்தே விளக்குகிறது. தானியப் பயிரில் அது எப்படி நடக்கிறது?
*– இளநிலைத் தாவரவியல் மாணவி, கோயம்புத்தூர்*

இந்தக் குறை எனக்கும் நெடுநாளாக உண்டு, அம்மா. இந்த மரபணுக்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் ஒரு பெரும்பகுதியைக் கோதுமையும் மக்காச்சோளமும் பார்லியும்தான் கற்றுக்கொடுத்தன. பாடம் எழுதுபவர்கள் அவற்றை ஒரே வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை.

கோதுமையை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மரபணு அலகு சுமார் 9,000 எழுத்து நீளம் (டி.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணியை ஓர் எழுத்து என்கிறேன்). அதற்குள் 18எஸ், 5.8எஸ், 25எஸ் (எஸ் என்பது அளவைக் காட்டும் குறி) என்ற மூன்று ஆர்.என்.ஏ.க்களுக்கான பகுதிகள் இந்த வரிசையிலேயே இருக்கின்றன. முதலாவது ஏறக்குறைய 1,800 எழுத்து, அடுத்தது 160 சொச்சம், கடைசியானது 3,400 அளவில். ஒரு அலகின் பாடம் முடிந்து அடுத்ததன் பாடம் தொடங்கும் வரை இருப்பது இடைவெளிப் பகுதி. கோதுமையில் அது சுமார் 3,500 எழுத்து. வெறும் இடைவெளிதானே என்று விட்டுவிடாதீர்கள். கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

மரபணுவைப் படிக்கும் நொதியின் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ் ஒன்று ('ஒன்று' என்பது அதன் எண்). இந்த ஒரே வேலைக்காகவே செல் அதை வைத்திருக்கிறது. அது வந்து அமரும் இடமான முன்னூக்கி, இடைவெளிப் பகுதியின் முடிவில் இருக்கிறது. படியெடுத்தல் தொடங்கும் இடத்தில் டி, ஏ, டி, ஏ என்று ஆரம்பித்து ஜி, ஜி, ஜி என்று முடியும் சிறு வரிசை உண்டு. நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலும் அது ஏறக்குறைய ஒன்றே. மனித மரபணுவில் அந்த வரிசை வேறு. மனித செல்லின் ஏற்பாடு எலியின் ரைபோசோம் மரபணுவைக்கூடப் படியெடுக்காது. அந்த அளவுக்கு இந்த முன்னூக்கிகள் இனத்துக்கு இனம் விலகிப்போனவை. மனிதனின் படத்தை வரைந்து கோதுமைக்கும் இதுவே என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

முன்னூக்கிக்கு மேலே, இடைவெளிப் பகுதிக்குள், சுமார் 135 எழுத்து கொண்ட துண்டு மீண்டும் மீண்டும் வருகிறது. அது எத்தனை முறை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம், குரோமோசோமுக்குக் குரோமோசோம் மாறும். படியெடுத்தலுக்கு உதவும் புரதங்கள் இந்தத் துண்டுகளில் ஒட்டுகின்றன. ஆகவே துண்டுகள் கூடினால் புரதங்களை ஈர்க்கும் வலிமையும் கூடும் என்ற எண்ணம் பிறந்தது. இதற்குக் கீழே மறுபடி வருவேன்.

இந்த நொதி மூன்று பகுதிகளையும் சேர்த்து ஒரே நீளமான ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. முன்னால் ஒரு வால், நடுவில் இரண்டு இணைப்புத் துண்டுகள், பின்னால் ஒரு வால். இவை எல்லாம் பின்னர் வெட்டி எறியப்படுகின்றன. வெட்டுவதற்கு முன்பும் வெட்டும்போதும், சின்னஞ்சிறு வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டி, அந்த எழுத்துகளில் சிறு வேதி மாற்றங்களைச் செய்யவைக்கின்றன. மூன்றும் ஒரே படியிலிருந்து பிறப்பதால் எண்ணிக்கையில் சமமாக இருக்கின்றன. ரைபோசோமுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று மட்டுமே தேவை என்பதால் இது மிகச் சரியான ஏற்பாடு. இவ்வளவும் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸில் நடக்கிறது.

நான்காவதான 5எஸ் மட்டும் தனி வழி. 120 எழுத்துதான். அதன் மரபணுக்கள் வேறு இடத்தில் உள்ளன. கோதுமையில் முதலாம், ஐந்தாம் தொகுதிக் குரோமோசோம்களிலும், நெல்லில் 11ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. அதைப் படியெடுப்பது பாலிமெரேஸ் மூன்று. ரைபோசோமின் புரதங்களுக்கான மரபணுக்களையோ பாலிமெரேஸ் இரண்டு படியெடுக்கிறது. மூன்று நொதிகளும் கணக்குப் பிசகாமல் வேலை செய்தால்தான் ஒரு ரைபோசோம் உருவாகும்.

ஆய்வுக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் பி.டி.ஏ. 71 என்ற பெயரை நினைவில் வையுங்கள். 1979இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கெர்லாக், பெட்புரூக் இருவரும் கோதுமையின் இந்த 9,000 எழுத்து அலகை முழுதாக எடுத்து பாக்டீரியாவின் வட்ட டி.என்.ஏ.வில் சேர்த்தார்கள். அதற்கு ஒளிரும் சாயம் கட்டிக் குரோமோசோம்களின் மேல் விட்டால் ரைபோசோம் மரபணு இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். கோதுமையிலிருந்து எடுத்த இந்தத் துண்டை உலகம் முழுவதும் எத்தனையோ தாவரங்களில் பயன்படுத்துகிறார்கள். 18எஸ், 25எஸ் பகுதிகள் தாவரங்களுக்குள் அவ்வளவு குறைவாகவே மாறியிருக்கின்றன.

எந்த மரபணுவை எந்தப் பாலிமெரேஸ் படியெடுக்கிறது என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?
*– பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்*

ஒரு நச்சுக் காளானின் துணையோடு. அமானிட்டா ஃபலாய்டிஸ் என்னும் காளானின் நஞ்சான ஆல்ஃபா அமானிட்டின், மிகச் சிறிய அளவிலேயே பாலிமெரேஸ் இரண்டை முடக்கிவிடும். பாலிமெரேஸ் மூன்றை முடக்க அதிக அளவு வேண்டும். பாலிமெரேஸ் ஒன்றை அது தொடுவதே இல்லை. செல்லிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து, நஞ்சு கலந்த பிறகும் எந்தப் படியெடுத்தல் தொடர்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நியூக்ளியோலஸ் உருவாகும் இடத்தை முதன்முதலில் மக்காச்சோளத்தில்தான் கண்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
*– மக்காச்சோளம் பயிரிடும் வாசகர், பெரம்பலூர்*

குரோமோசோமின் ஒரு குறுகலான இடத்தையொட்டி நியூக்ளியோலஸ் பிறக்கிறது என்பதை 1931இல் ஜெர்மானியரான எமில் ஹைட்ஸ் சொல்லிவிட்டார். ஆனால் அந்த இடத்துக்கு என்ன திறமை இருக்கிறது என்று சோதித்துக் காட்டியவர் பார்பரா மெக்கிளின்டாக். அவர் அதைக் காட்டியது உங்கள் பயிரில்தான்.

மக்காச்சோளத்தின் 6ஆம் குரோமோசோமில் அந்த இடம் இருக்கிறது. 6ஆம் 9ஆம் குரோமோசோம்கள் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொண்ட ஒரு செடி மெக்கிளின்டாக்கின் கையில் இருந்தது. முறிவு சரியாக அந்த இடத்தின் நடுவே விழுந்திருந்தது. அதாவது, நியூக்ளியோலஸை உருவாக்கும் பகுதி இரண்டு துண்டாகி இரண்டு குரோமோசோம்களுக்குப் போய்விட்டது. ஒரு துண்டு செத்துப்போகும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். இரண்டுமே நியூக்ளியோலஸ் செய்தன. இரண்டும் ஒரே உட்கருவில் இருந்தபோது ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் செய்தது. சிறியதைச் செய்த துண்டு தனியாக ஒரு செல்லில் இருந்தபோதோ, அதுவே பெரிய நியூக்ளியோலஸைச் செய்தது!

இதன் பொருளைச் சற்று நின்று யோசியுங்கள். திறமை இரண்டுக்கும் இருக்கிறது. பக்கத்தில் வலியது ஒன்று இருக்கும்போது மற்றது அடங்கிப் போகிறது. 1934இல் இந்தக் கட்டுரை வெளிவந்தபோது ரைபோசோம் என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மரபுப் பொருள் டி.என்.ஏ. என்பதும் தெரியாது. மெக்கிளின்டாக்குக்கோ நிலையான வேலைகூட இல்லை. அவருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது இடம்மாறும் மரபணுக்களுக்காக. என்னைக் கேட்டால் 1934ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

நியூக்ளியோலஸை உருவாக்கும் அந்தப் பகுதி ரைபோசோம் மரபணுக்களின் கூட்டம்தான்; அது முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தது 2023இல்தான். ஒரே மரபணு ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்து வந்தால் எது எதற்குப் பக்கத்தில் என்று கணினிக்கும் குழப்பம். அதனால்தான் மற்றப் பகுதிகளைப் படித்த பிறகும் இந்த இடம் நெடுங்காலம் வெற்றிடமாகவே இருந்தது. மோ 17 என்ற மக்காச்சோள வகையில் சீன ஆய்வாளர்கள் அதை முடித்தார்கள். நீளம் 2.68 கோடி எழுத்து, மரபணுப் பிரதிகள் 2,974. இடையிடையே இடம்மாறும் மரபணுக்களும் நுழைந்திருந்தன. மெக்கிளின்டாக்கின் இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே இடத்தில் அருகருகே இருந்ததைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

டிரிட்டிகேல் என்பது கோதுமையையும் ரையையும் கலந்து மனிதன் உருவாக்கிய தானியம் என்று பாடத்தில் வருகிறது. அதில் இரண்டு பெற்றோரின் மரபணுக்களும் வேலை செய்யுமா?
*– பிளஸ் டூ மாணவன், தேனி*

தம்பி, இது நல்ல கேள்வி. பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களில் மட்டும் ரையின் பக்கம் ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடும்.

இதை உன் கண்ணாலேயே பார்க்கலாம். டிரிட்டிகேல் விதையை ஈரத் தாளில் முளைக்கவைத்து, வேர் விரல்நக நீளம் வந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் ஓர் இரவு வைப்போம். குளிரில் செல் பிரிதல் பாதியில் நின்று, குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியே தெரியும். பிறகு பதப்படுத்தி, நுனியை நசுக்கி, வெள்ளி நைட்ரேட்டில் சாயமேற்றுவோம். கையுறை போடாவிட்டால் விரல்கள் கறுத்துப் பல நாள் போகாது. முந்தைய செல் சுழற்சியில் வேலை செய்த ரைபோசோம் மரபணு இடங்களில் தங்கியிருக்கும் புரதங்களில் மட்டும் வெள்ளி படியும். மஞ்சள் பின்னணியில் அந்த இடங்கள் கரும்புள்ளியாகத் தெரியும். வேலை செய்யாத இடத்தில் மரபணு இருந்தாலும் புள்ளி விழாது.

42 குரோமோசோம் உள்ள டிரிட்டிகேலில், கோதுமையின் 1பி, 6பி என்ற இரண்டு குரோமோசோம் இணைகளில் நான்கும், ரையின் 1ஆர் என்ற இணையில் இரண்டும் ஆக ஆறு இடங்களில் இந்த மரபணுக்கள் பெருங்கூட்டமாக உள்ளன. எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் ஆறு புள்ளிகளைத் தேடிக் கண்ணாடித் தகட்டை அங்குமிங்கும் நகர்த்துவார்கள். பெரும்பாலான செல்களில் நான்குதான் தெரியும். அதே ரையைத் தனியே முளைக்கவைத்துப் பார்த்தால் அதன் இரண்டு புள்ளிகளும் கன்னங்கரேலென்று இருக்கும். மரபணு தொலைந்துபோகவில்லை, கெட்டுப்போகவும் இல்லை. கோதுமை பக்கத்தில் இருக்கும்வரை அது படியெடுக்கப்படுவதில்லை, அவ்வளவுதான். கலப்பினத்தில் ஒரு பெற்றோரின் நியூக்ளியோலஸ் இடம் இப்படி மறைந்துபோவதை ரஷ்யரான நவாஷின், கிரெப்பிஸ் என்ற செடியில் 1934இலேயே எழுதியிருந்தார். இன்று இதை நியூக்ளியோலஸ் ஆதிக்கம் என்கிறோம்.

ஆதிக்கம் எங்கிருந்து வருகிறது? பிரதிகளின் எண்ணிக்கையிலிருந்து என்று நினைக்கத் தோன்றும். கோதுமையே அதை மறுக்கிறது. சைனீஸ் ஸ்பிரிங் என்ற ரகத்தில் 6பியில் இருக்கும் பிரதிகள் 1பியில் இருப்பவற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அதிகம் வேலை செய்வது 1பிதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த தாவரப் பெருக்க நிலையத்தில் ரிச்சர்ட் ஃபிளேவலும் அவருடைய குழுவும் இதைப் பின்தொடர்ந்தார்கள். 1982இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். ஏஜிலாப்ஸ் அம்பெலுலேட்டா என்ற காட்டுப் புல்லின் முதலாம் குரோமோசோமைக் கோதுமைக்குள் சேர்த்தால், கோதுமையின் சொந்த ரைபோசோம் மரபணுக்களே ஒடுங்கிவிடுகின்றன. ரையை அடக்கிய கோதுமை, புல்லிடம் அடங்குகிறது.

மேலே கோயம்புத்தூர் மாணவிக்குச் சொன்ன 135 எழுத்துத் துண்டுகள் இங்கே வருகின்றன. ஆதிக்கம் செலுத்தும் மரபணுக்களின் இடைவெளிப் பகுதி நீளமாகவும் இந்தத் துண்டுகள் அதிகமாகவும் இருப்பதைக் கண்டார்கள். அளவாகவே இருக்கும் புரதங்களை அவை முதலில் இழுத்துக்கொள்கின்றன, மற்றவற்றுக்கு மிஞ்சுவதில்லை என்பது அவர்களின் விளக்கம். கேட்க அழகான விளக்கம்தான். ஆனால் அதுவே முழு விடை என்று எழுதும் நூல்கள் அவசரப்படுகின்றன. அமெரிக்காவில் கிரெய்க் பிகார்டின் குழு கடுகுக் குடும்பச் செடிகளில் செய்த ஆய்வுகள், மரபணுக்களைத் தனித்தனியே அல்லாமல் குரோமோசோமின் அந்தப் பகுதி முழுவதையுமே செல் பூட்டிவைக்கிறது என்பதைக் காட்டின.

அந்தப் பூட்டில் ஒன்று நமக்குத் தெரியும். டி.என்.ஏ.வின் சைட்டோசின் எழுத்துகளில் மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஒட்டிக்கொள்கிறது. ஃபிளேவல் குழு 1988இல் கோதுமையில் இதை அளந்தது. அதிகம் வேலை செய்யும் இடங்களின் இடைவெளிப் பகுதியில் மெத்தில் குறைவு, ஒடுங்கிய இடங்களில் அதிகம். போர்ச்சுகலின் லிஸ்பனில் வண்டா வியேகாஸின் குழுவினர், மெத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோதுமை அப்படியே பக்கத்தில் இருக்க, ரையின் மரபணுக்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டன. கோதுமையையும் ரையையும் கலந்து கிடைக்கும் கருவில், முதல் சில நாட்கள் ரையின் பக்கமும் இயங்குகிறது என்றும் அவர்களே கண்டார்கள். அதன் பிறகுதான் அடக்கம் தொடங்குகிறது. கருவின் அந்த ஆரம்ப நாட்களில் செல் எதை வைத்து இது கோதுமையுடையது, இது ரையுடையது என்று பிரிக்கிறது? நீ கல்லூரிக்குப் போய்ப் படிக்கவேண்டியது அதைத்தான், தம்பி.

ரைபோசோம் மரபணுக்கள் அதிகம் உள்ள ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் விளைச்சல் கூடுமா?
*– வேளாண் விற்பனையாளர், திருவண்ணாமலை*

கூடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பிரதிகளின் எண்ணிக்கை ஒரே பயிருக்குள்ளேயே ரகத்துக்கு ரகம் மிகவும் மாறுகிறது. அவற்றில் ஒரு பகுதிதான் எந்த நேரத்திலும் திறந்திருக்கிறது. மற்றவை நியூக்ளியோலஸை ஒட்டி இறுகிச் சுருண்டு கிடக்கின்றன. தேவை கூடினால் திறந்திருப்பவற்றின் வேகத்தையும் எண்ணிக்கையையும் செல் கூட்டிக்கொள்ளும்.

பார்லியில் மட்டும் யோசிக்கவைக்கும் ஒரு செய்தி உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸில், பல பார்லி ரகங்களைக் கலந்து, மனிதத் தேர்வு ஏதும் இல்லாமல் ஆண்டுதோறும் விதைத்து அறுத்து வந்தார்கள். பல பத்துத் தலைமுறைகளின் விதைகளை ராபர்ட் அலர்டின் குழு 1984இல் ஒப்பிட்டது. ரைபோசோம் மரபணுக்களின் இடைவெளிப் பகுதியில் பல நீளங்கள் இருந்தன. அவற்றில் சில தலைமுறைதோறும் பெருகின, சில அருகின. தற்செயலாக நடந்த மாற்றம்போல அது தோன்றவில்லை, வயல் எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறது. தேர்ந்தெடுத்தது இடைவெளிப் பகுதியையா, அல்லது அதே குரோமோசோமில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு மரபணுவையா என்பதை அந்த ஒப்பீட்டால் பிரிக்க முடியாது. ஆகவே இதைக் காரணம் காட்டி யாராவது உங்களிடம் விதை விற்க வந்தால், வயல்வெளிச் சோதனையின் விளைச்சல் கணக்கைக் கேளுங்கள். அதைக் காட்டாதவரை வாங்கவேண்டாம்.